பெட்டியில் கிடக்கும் பிளாக்குகள்

குவில்ட் தைக்கும் தோழிகள் எல்லோருக்கும்,

போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஆளுக்கொரு பெட்டியில் மீந்து கிடக்கும் பிளாக்குகளையெல்லாம் சேர்த்து மூட்டையாகக் கட்டி, ஏதாவது ஓர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். பாதிப் பேர் தலையாட்டியும் விட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற காரணம் இல்லை என்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

தனி பிளாக் என்பது முடிக்கப்படாத பொருள். நாலு பக்கமும் வெட்டிய ஓரம். ஒரு தடவை நனைத்துக் கசக்கினாலே பிசிறு கிளம்பி, தையல் வரைக்கும் வந்துவிடும். திருப்பிப் பார்த்தால் மடிப்புகளும் நூல் முனைகளும்தான் தெரியும். அதை வாங்கிக்கொள்பவர் என்ன செய்வார்? மிஷின் வேண்டும், அடித்துணி வேண்டும், உட்கார்ந்து தைக்க நேரம் வேண்டும். இல்லம் நடத்துகிறவர்களிடம் இந்த மூன்றில் எது மிச்சமிருக்கிறது? நாம் முடிக்காமல் விட்ட வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கொடை என்று பேர் சொல்லக் கூடாது. கொடுக்கத்தான் வேண்டும். முடித்துக் கொடுப்போம்.

மீந்தது என்றாலே மட்டமானது என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அவை பெட்டிக்குள் எப்படி வந்தன என்று பாருங்கள். நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தைத்த முதல் பிளாக் ஒன்று. இரட்டைக் கட்டிலுக்கு என்று ஆரம்பித்து ஒற்றைக் கட்டிலோடு நிறுத்திக்கொண்டதில் மிஞ்சியவை சில. வகுப்பில் கற்றுக்கொண்ட ஓஹியோ ஸ்டார், சர்ன் டாஷ், ஃப்ளையிங் கீஸ் மாதிரிகள். அப்புறம், அளவு தப்பியவை. அதிகம் இருப்பது இந்தக் கடைசி வகைதான். அதற்குக் காரணம் கைத்திறன் குறைவு அல்ல, கணக்கு. 12 இஞ்ச் நைன் பேட்ச் தைக்கிறோம் என்றால், சுற்று ஓரத்தையும் சேர்த்து 12½ இஞ்ச் நிற்க வேண்டும். குறுக்கே இரண்டு தையல்; ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணியின் ஓரம் உள்ளே போகிறது. கால் இஞ்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், நாலு அரை நூல் சேர்ந்து இரண்டு நூல், அதாவது முழுசாகக் கால் இஞ்ச் குறைந்துவிடுகிறது. கண்ணுக்கே தெரியாத அரை நூலுக்காக ஒரு மாலை நேரத்து வேலையை ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

மிச்சத் துணியிலிருந்து என்ன வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ளும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். குளிருக்குப் போர்த்திக்கொள்ள, கிழிந்த வேலை உடுப்பு, மூட்டைத் துணி என்று கையில் கிடைத்ததை வைத்து அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குவில்ட் தைத்துவந்தார்கள். 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. வாக்காளராகப் பதிவு செய்துகொண்டதற்காகவே வேலையும் வீடும் பறிபோன குடும்பங்கள் அந்தப் பகுதியில் இருந்தன. 1972இல், சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை கூட்டுறவுக்குக் கிடைத்தது. வெட்டியது போக விழுந்த துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

கார்டுராய் எப்படிப்பட்ட துணி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிவரியாக மேடு ஓடும், தடிமன், மடிக்க வராது. சின்ன முக்கோணங்களாக வெட்டிச் சேர்த்தால் தையல் சந்திக்கும் இடத்தில் ஊசியே இறங்காது. அதனால் அவர்கள் பெரிய செவ்வகமும் அகலப் பட்டையுமாகவே தைத்தார்கள். பொன்மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அவகாடோ பச்சை என்று கம்பெனி அனுப்பிய நிறங்கள்தான் கிடைத்த நிறங்கள். வரியை ஒரு துண்டில் நெடுக்கிலும் அடுத்த துண்டில் குறுக்கிலும் ஓடவிட்டால், வெளிச்சம் படும்போது ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். ஜீஸ் பெண்ட் குவில்ட்கள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களோடு 10 அஞ்சல்தலைகள் வெளியிட்டது.

அந்தப் பெண்களிடம் எனக்குப் பிடித்தது, துணி எதற்கு இடம்கொடுத்ததோ அதைச் செய்தார்கள் என்பது. நாம் நோட்டில் வரைந்த படத்துக்குத் துணியை வளைக்கிறோம். வளையாததைப் பெட்டியில் போடுகிறோம். மீந்த பிளாக்கைக் கையில் எடுக்கும்போது அந்தப் பழைய படத்தை மறந்துவிட வேண்டும். இதன் அளவு என்ன, தடிமன் என்ன, துவைத்தால் என்ன ஆகும், இந்த மூன்று கேள்வி போதும்.

அளவு ஒத்துப்போகாதவற்றை எப்படிச் சேர்ப்பது என்றுதான் அதிகம் பேர் கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். 6 இஞ்ச், 9 இஞ்ச், 11¾, 12½ எதுவானாலும் இருக்கட்டும். ஒரே துணியில், காடாத் துணி போதும், 2 முதல் 4 இஞ்ச் அகலம் வரை பட்டைகள் வெட்டிக்கொண்டு ஒவ்வொரு பிளாக்கையும் சுற்றித் தைத்து, 14 இஞ்சுக்கு மேலே கொண்டுபோங்கள். சின்ன பிளாக்குக்கு இரண்டு சுற்று வேண்டியிருக்கும். இஸ்திரி போட்ட பிறகு எல்லாவற்றையும் 14 இஞ்ச் சதுரமாக வெட்டுங்கள். அப்போது பிளாக்கை நடுவில் நிறுத்த வேண்டும் என்று பிரயாசைப்படாதீர்கள். நடுவில் நிறுத்தினால்தான் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று கண் அளக்கும். ஒன்று மூலையில் ஒதுங்கட்டும், ஒன்று சற்றே சாயட்டும். பட்டை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே துணியாக இருக்க வேண்டும். யார் யாரோ எப்போதெப்போதோ தைத்ததை ஒரு குடும்பமாக்குவது அதுதான். 20 பிளாக்கை 4க்கு 5 என்று அடுக்கினால் தைத்தபின் 54க்கு 67½ இஞ்ச் வரும். சுற்றிலும் ஓர் ஓரப்பட்டை கொடுத்தால் ஒரு ஆள் போர்த்திக்கொள்ளத் தாராளம்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்கிறவர்களுக்கு வழி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள்; பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பேர். பழைய பருத்திச் சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, துண்டுகளை ஓரம் மடித்து வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். ஓரத்தைச் சுற்றி வந்து, அதற்கு உள்ளே இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று நடுவில் போய் முடிப்பார்கள். துண்டோடு துண்டைச் சேர்ப்பதும், மேல்துணியை அடித்துணியோடு பிணைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது. மிஷின் வேண்டாம், சட்டம் வேண்டாம், பைண்டிங் வேண்டாம். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூவாக வைத்து முடிப்பார்கள்.

நம் பிளாக்குகளை இப்படி அடுக்கினால் அளவுச் சிக்கலே எழாது. குறைந்தது குறைந்தபடி இருக்கும், கூடியது அடுத்த துண்டின் அடியில் மறைந்துகொள்ளும். தையல் நெருக்கமான பிளாக்கைத் தவிர்த்துவிடுங்கள். ஐந்தாறு மடிப்பு ஒன்றாகச் சேரும் இடத்தில் கை ஊசியைத் தள்ள விரல் நோகும். நைன் பேட்ச் போன்றவை நன்றாக வரும். தைத்து யாருக்காவது காட்டினால், இது சித்திப் பெண்களின் முறை என்று சேர்த்துச் சொல்லுங்கள். அது நாம் அவர்களுக்குத் தர வேண்டிய மரியாதை.

பிடிக்காத பிளாக்கை வெட்டவும் செய்யலாம். இதைச் சொன்னதும் சிலருக்கு நெஞ்சு பதறும். ஒரே ஒரு நைன் பேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்கில் சரிபாதி, குறுக்கில் சரிபாதி வெட்டுங்கள். கிடைக்கும் நாலு துண்டில், மூலைக்கு மூலை எதிரே இருக்கும் இரண்டை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி தைத்துவிடுங்கள். ஒன்பது கட்டம் காணாமல் போய், பெரிய சதுரமும் சின்னச் சதுரமும் செவ்வகமும் கலந்து வேறொரு பிளாக் கண்முன் வந்து நிற்கும். மூலைவிட்டமாக வெட்டுவதென்றால் மட்டும் முன்கூட்டியே கஞ்சி போட்டு அழுத்தி இஸ்திரி போடுங்கள். கிராஸாக வெட்டிய ஓரம் தொட்டாலே நீளும். தைக்கும்போது துணியைக் கையால் இழுக்காமல், மிஷினே நகர்த்திக்கொள்ள விடுங்கள்.

சமையலறைக்கு வருகிறேன். நம் வீடுகளில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி என்ன நிலையில் இருக்கிறது? பழைய பனியன், பாதி கிழிந்த துண்டு. பிடித்துத் தூக்கும்போது ஒரு நுனி நெருப்பின் பக்கம் தொங்கும். 8 இஞ்ச் பிளாக் இரண்டு இருந்தால் ஒரு வீட்டுக்கு நல்ல ஜோடி கிடைத்துவிடும். முதலில், பிளாக்கில் இருக்கும் துணி ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருண்டு உருண்டையாகும். உருண்டையானால் அந்த பிளாக் இந்த வேலைக்கு ஆகாது. அதே காரணத்தால் பாலியஸ்டர் பேட்டிங்கும் கூடாது, சூட்டில் இளகும். அடியில் பழைய ஜீன்ஸ் துணி, நடுவில் பழைய டர்க்கித் துண்டு இரண்டு மடிப்பு, மேலே பிளாக். பிளாக்கில் ஏற்கெனவே இருக்கும் தையல் வரி மேலேயே மிஷினை ஓட்டினால் அடுக்குகள் எல்லாம் பிடித்துக்கொள்ளும், தனியாகக் கோடு வரைய வேண்டாம். 16ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், சாதாரண ஊசி முறியும். சுற்றிப் பைண்டிங் கொடுத்து வரும்போது கடைசி மூலையில் பட்டையை 4 இஞ்ச் நீட்டி மடித்துத் தைத்தால் ஆணியில் மாட்டக் காது ஆயிற்று. இவ்வளவு அழகாகத் தைத்ததில் கரி படியுமே என்று கேட்பீர்கள். படியட்டும். தினம் நாலு தடவை கையில் எடுக்கும் பொருளில் உங்கள் தையல் இருக்கிறது.

எனக்கு மிகவும் ஆசையான ஒன்று தாயக்கட்டம். 5க்கு 5, ஆக 25 சின்னச் சதுரம் கொண்ட பிளாக் யாரிடமாவது நிச்சயம் இருக்கும். 2 இஞ்ச் சதுரங்களாக இருந்தால் மொத்தம் 10 இஞ்ச், காய்கள் நெருக்கமில்லாமல் நிற்கும். ஒவ்வோர் ஓரத்தின் நடுக் கட்டத்திலும், நட்டநடுக் கட்டத்திலும் சங்கிலித் தையலில் பெருக்கல் குறி போடுங்கள். அவைதான் மலை, அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. இதற்குப் பேட்டிங் வைக்கக் கூடாது, மெத்தென்று இருந்தால் காய் சாயும். மெல்லிய ஃபிளானல் ஒரு மடிப்பு போதும். சுற்றிலும் 3 இஞ்ச் பட்டை சேர்த்து, அந்தப் பட்டையில் எட்டு இடத்தில் சின்னக் காதுகள் வைத்து நாடா கோர்த்துவிட்டால், ஆடி முடித்ததும் நாடாவை இழுத்துச் சுருக்குப் பையாக்கிவிடலாம். காய்களும் தாயக்கட்டையும் உள்ளேயே கிடக்கும். ரயிலில் போகும்போது, ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருக்கும்போது, மாடியில் காற்றாட இருக்கும்போது விரித்தால் போதும். துணியில் ஆட்டப் பலகை செய்வது இந்தியாவில் பழைய வழக்கம். சிலுவை வடிவில் தைத்த சொக்கட்டான் துணிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 12½ இஞ்ச் பிளாக்குக்கு நாலு பக்கமும் 2½ இஞ்ச் பட்டை கொடுத்தால் 16 இஞ்ச் குஷன் உறை. நாலு பிளாக் சேர்ந்தால் தையல் மிஷினுக்கு மூடி. ஒரே பிளாக்கை அடுத்த குவில்ட்டின் பின்பக்கத்தில் பதித்துவிடலாம். பின்துணி சற்றுப் போதாமல் போகும்போது இது பெரிய உதவி. பேன்ட் முட்டியில் ஒட்டுப்போடலாம். ஒன்றுக்கும் ஆகாது என்று தோன்றும் பிளாக்கை மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குவில்டிங் ஆரம்பிக்கும் முன் நூல் இறுக்கம் பார்க்கப் பயன்படுத்துங்கள்.

எதைச் செய்தாலும் சாயம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நம்மிடம் சுங்குடி, கலம்காரி, அஜ்ரக் துண்டுகள் நிறையப் புழங்குகின்றன. ஈர வெள்ளைக் கைக்குட்டையை பிளாக்கின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால், அதைத் துவைக்காத பொருளாக, சுவரில் மாட்டுவதாகச் செய்துவிடுங்கள். குழந்தைகளுக்கு என்று தைக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது, மூச்சடைக்கும் ஆபத்து உண்டு என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் குப்புறக் கவிழ்ந்து விளையாட விரிப்பாகக் கொடுங்கள். இல்லத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுப்பதானால், தைக்கும் முன்பே போய் என்ன அளவில் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத் தைப்போம். தலையணை உறை கேட்கிற இடத்தில் மேஜை விரிப்பைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டிகளில் நாம் தைக்காத பிளாக்குகளும் இருக்கின்றன. நம்மோடு தைத்துக்கொண்டிருந்து மறைந்துபோன ஒரு தோழியின் வீட்டிலிருந்து வந்த பை என்னிடம் இருக்கிறது. அறுகோணம் அறுகோணமாகக் கையால் தைத்த பூக்கள். சிலவற்றில் உள்காகிதத்தை இன்னும் எடுக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி வைத்துத் தைத்திருக்கிறார். ஒரு துண்டில் முகூர்த்த நேரம் இருக்கிறது, இன்னொன்றில் பாதி ஊர்ப் பேர். இங்கிலாந்தின் பழைய குவில்ட் சிலவற்றில் இப்படி எடுக்காமல் விட்ட கடிதத் துண்டும் செய்தித்தாள் துண்டும்தான், அவை எந்தக் காலத்தவை என்று சொல்ல ஆய்வாளர்களுக்கு உதவியிருக்கின்றன.

ஜீஸ் பெண்டில் மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு, அவர் வயலுக்கு உடுத்திப்போன உடுப்புகளை வெட்டி 1942இல் ஒரு குவில்ட் தைத்தார். மகள் கூட இருந்து உதவினார். நீலமும் சாம்பலுமாக வெளுத்த பேன்ட் கால்கள், அடுத்தடுத்து நீளப் பட்டைகளாக. அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, இந்த அறுகோணங்களை மூட்டையில் போட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பையைக் கொண்டுவருகிறேன். தோழியின் மகளிடம் கேட்டுவிட்டேன். அம்மா தைத்ததை நீங்களே முடித்துக் கொடுங்கள் என்றார். காகிதம் இருக்கும் பூக்களை முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் காகிதத்தை உருவ வேண்டும். உருவிய துண்டுகளை ஓர் உறையில் போட்டு அவர் வீட்டுக்கே தந்துவிடலாம். பூக்களைக் காடாத் துணியில் பதிப்பதற்குக் கை ஊசி போதும், கண்ணாடியை மறக்காமல் எடுத்துவாருங்கள். அவர் போட்ட தையல் சற்றுக் கோணலாக இருந்தாலும் பிரிக்கக் கூடாது. முடித்த பிறகு பின்பக்கத்தில் ஒரு துணித்துண்டு வைத்து, பூக்களைத் தைத்தவர் பேர், பதித்தவர்கள் பேர், ஆண்டு மூன்றையும் துவைத்தாலும் போகாத மையால் எழுதுவோம். உங்கள் பெட்டிகளையும் கொண்டுவாருங்கள். வெட்டும் பாயும் காடாத் துணியும் நான் கொண்டுவருகிறேன், மிஷின் இரண்டு பேர் கொண்டுவந்தால் போதும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி